பதிமூணாந்தேதிதான் சத்தம் போடும்

குந்துடா பேராண்டி. லேப்டாப்ப போண்டா தட்டு மேல வெக்காத, எண்ணெ ஒட்டும். மூஞ்சியப் பாத்தா மாடு தொலைச்சவன் கணக்கா இருக்கு. ரிப்போர்ட்டு தெறக்கலயா? அதான பாத்தேன். ஒம்போது மணி மீட்டிங்குக்கு எட்டே முக்காலுக்கு ஃபைலத் தெறக்கறது உங்க கம்பெனி வழக்கம். எட்டு அம்பதுக்கு என் கடைக்கு ஓடியார்றது உன் வழக்கம்.

வண்டலூர்–வாலாஜாபாத் ரோடும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் ரோடும் வெட்டிக்கிற இந்த ஒரகடம் கூட்டுரோட்டுல நான் டீ ஆத்த வர்றதுக்கு முன்ன, ஏரி மடை தெறக்கற நீர்க்கட்டி. இருங்காட்டுக்கோட்டையில 1998-ல சான்ட்ரோ காரு வெளிய வந்துச்சு. அப்பால சிப்காட்டு மெல்ல மெல்ல இந்தப் பக்கம் நடந்து வந்து என் வயக்காட்டுலயே குந்திக்கிச்சு. இப்ப உன்ன மாதிரி எம்.ஐ.எஸ். புள்ளைங்க ‘பவர் பிஐ, பவர் பிஐ’ன்னு பொலம்பறதக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதி வித்தை வந்துடுச்சு. மீதிப் பாதி உங்களுக்கே வர்ல, அதனால வெக்கமில்ல.

எர்ரர் பெட்டியில இன்னா எழுதியிருக்கு? ‘தெறக்கல’ங்கறது பதிலாடா? மூணு வார்த்த படிச்சதும் பெருக்கல் குறிய அமுக்கி மூடிடற. ஐ.டி. ஆளுக்கு ‘நாட் வொர்க்கிங்’னு வாட்ஸ்அப் தட்டற. அவன் ‘ரீஸ்டார்ட்’னு திருப்பித் தட்டறான். ரெண்டு பேரும் இன்னிக்கு வேலை செஞ்சிட்டீங்க. மறுபடியும் தெறந்து கடைசி வரி வரைக்கும் படி, நான் பாலு வெக்கறேன்.

‘புது வெர்ஷன்ல செஞ்சது’ன்னு வந்தா ஃபைலு மேல தப்பில்ல. 2015 ஜூலையில வந்ததுலேர்ந்து பவர் பிஐக்கு மாசாமாசம் புதுச்சட்ட. உங்க மேனேஜரு ஸ்டோருலேர்ந்து எறக்கினது, தானே புதுசாயிக்கும். உன் பெட்டியில இருக்கறது ஐ.டி. ஆளு என்னிக்கோ போட்டது, அவன் கை வெச்சாதான் வளரும். அவரு சேமிச்சு அனுப்பினா உன்னுது முழிக்குது. பழைய வெர்ஷனுக்குன்னு எறக்கிச் சேமிக்கற வழியே அதுல கெடையாது, நீதான் மேல ஏறணும். கம்பெனி சொந்த சர்வர்ல ரிப்போர்ட்டு வெச்சிருந்தா அதுக்கு பவர் பிஐ டெஸ்க்டாப்பே தனி, வருஷத்துக்கு மூணு தடவதான் வரும். அந்த எடத்துல மாசாந்தரச் சரக்கக் கொண்டுபோயி நொழைச்சா கதவு தெறக்காது.

உத்திரமேரூரு போயிருக்கியா? பராந்தகச் சோழன் காலத்துல, 920 வாக்குல, குடவோலையில யாரு பேரப் போடலாம், யாரு பேரப் போடக்கூடாதுன்னு கல்லுல வெட்டி வெச்சிருக்கான். ஆயிரத்து நூறு வருஷமா தெறந்தே கெடக்குது, பாஸ்வேர்டும் கெடையாது. ஆனா நான் போயி நின்னா ஒரு எழுத்து வெளங்கல. நானும் தமிழன், அதுவும் தமிழுதான், வெர்ஷன் வேற. அதுக்காக நான் கல்லு கெட்டுப்போச்சுன்னா சொன்னேன்?

நெசமாவே கெட்டுச்சான்னு பாக்கணும்னா ஒரு நகல் எடு. நகலுடா, அசல்ல கை வெச்சா டீ கெடையாது. பேருக்குப் பின்னால இருக்கற பிபிஐஎக்ஸ்ஸ அழிச்சிட்டு ஜிப்புன்னு போடு. தெறந்தா உள்ள டேட்டா மாடலு, அது இதுன்னு மூட்டைங்க தெரியும். அதுவும் தெறக்கலன்னா, பென்டிரைவ்ல பாதி ஏறும்போதே புடுங்கிட்டு ஷிப்டு பஸ்ஸுக்கு ஓடியிருப்ப.

‘பாதை கெடைக்கல’ன்னு வர்றது என் தொழிலு. மடை தெறந்தும் கடைமடைக்குத் தண்ணி வர்லன்னா ஏரியத் திட்டக்கூடாது, நடுவுல எவன் வாய்க்கால வெட்டினான்னு கரையோட நடந்து பாக்கணும். உன் ரிப்போர்ட்டு எங்கேர்ந்து குடிக்குது? சி டிரைவு, யூசர்ஸு, போன வருஷம் வேலைய வுட்டுப் போன காண்ட்ராக்ட் பையன் பேரு, டெஸ்க்டாப்பு, நியூ ஃபோல்டர் ரெண்டு. அவன் லேப்டாப்ப தொடச்சு வேற எவனுக்கோ குடுத்தாச்சு. டேட்டா சோர்ஸ் செட்டிங்ஸ்ல போயி வாய்க்காலத் திருப்பு. இனிமேலாவது பொது ஃபோல்டர்லேர்ந்து குடிக்க வை, ஒருத்தன் கெணத்துலேர்ந்து வேணாம்.

‘அனுமதி இல்ல’ன்னா கேளு, மறுபடியும் கேளு. ஸ்ரீபெரும்புதூர்ல பொறந்த ராமானுசரு திருக்கோஷ்டியூர் நம்பிகிட்ட பதினெட்டு தடவ நடந்தாருன்னு சொல்லுவாங்க. மந்திரம் கெடச்சதும் கோபுரத்து மேல ஏறி ஊருக்கே ஷேர் பண்ணிட்டாரு. அந்தக் கடைசி வேலைய மட்டும் நீ செய்யாத. வெளிய சொன்னா நரகம்னாங்க, அவரு அதுக்கே தயாரா இருந்தாரு, நீ ஹெச்.ஆர். ரூமுக்கே நடுங்கறவன்.

ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. தெறக்க மாட்டேன்னு மல்லுக்கு நிக்கற ஃபைலு யோக்கியன். சிரிச்சிக்கினே தெறந்து பொய் சொல்றான் பாரு, அவன்தான் உன் சீட்டக் கிழிப்பான். உங்க டெஸ்பாட்சு ஷீட்டுல 03/04-ன்னு இருக்குதா? சரக்கு போனது ஏப்ரல் மூணு. உன் பெட்டி அமெரிக்கா கணக்குல இருந்தா அத மார்ச்சு நாலுன்னு எடுத்துக்கும், ஒரு வார்த்த பேசாது. ஒண்ணாந்தேதிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் இந்தக் கூத்துதான். பதிமூணாந்தேதி வந்தாதான், பதிமூணாவது மாசம் ஏதுன்னு முழிச்சு எர்ரர் போடும். நீ இன்னா செய்யற? எர்ரர் வந்த வரிய மட்டும் தூக்கிட்டு மேனேஜர்கிட்ட காட்டற. உண்மை சொன்னவனத் தொரத்திட்டுப் பொய்யனுங்களோட மீட்டிங்கு போற! டைப்பு மாத்தற எடத்துல ‘யூசிங் லொகேல்’னு ஒண்ணு இருக்குது, அதுல இந்தியான்னு போடேன்.

இது ஒரகடத்து வியாதி மட்டும் இல்ல. 2020 செப்டம்பர் கடைசியில இங்கிலாந்துல கொரோனா கணக்க பழைய எக்ஸ்.எல்.எஸ். ஃபைல்ல கொட்டினாங்க. அதுல ஒரு ஷீட்டு 65,536 வரிதான் தாங்கும். மிச்சம் கலங்கல்ல வழியற தண்ணி மாதிரி சத்தமில்லாம போயிடுச்சு. 15,841 பேரு அப்ப நோயாளி கணக்குலயே வர்ல. ஃபைலு ஜோராத்தான் தெறந்திருக்குது.

படிச்சிட்டியா? ‘ஷிப்டுன்னு ஒரு நெடுவரிச இல்ல’ங்குதா? எக்செல்லத் தெற. தலைப்பப் பாரு. பெரிய எஸ்ஸா இருந்தத சின்ன எஸ்ஸா மாத்தினது யாரு? பின்னால ஒரு எடம் வேற வுட்டிருக்கு. நமக்கு ரெண்டும் ஒண்ணுதான், பவர் பிஐக்குள்ள இருக்கற பவர் கொயரிக்கு வேற வேற. நேத்து ராத்திரி ‘அழகா இருக்கட்டும்’னு கை வெச்சது யாருடா? தலையச் சொறியாத, போண்டாவுல வுழும். தலைப்ப பழையபடி வெச்சு ரிஃப்ரெஷ் அமுக்கு.

தெறந்துச்சா? ஓடு. ஏய், நில்லு, காசு? மாசக் கணக்கா? இந்தா நோட்டு, நீயே பாத்துக்கோ. இந்தக் கோடா? அது டீ. புள்ளியா? அது சில சமயம் போண்டா, சில சமயம் பாக்கி. இந்தச் சுழி இன்னான்னு உன் ஆயாவுக்கே தெரியாது. படிக்க முடியலயா? அது என் வெர்ஷன்டா கண்ணு. எரநூத்தி நாப்பது குடு.