தலை போனாலும் இடம் விடாது

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி விட்டது 2025 பெப்ரவரியில்தான். அதுவரை கண்டியில் ஓடிய கிழட்டுக் கார்களுக்கெல்லாம் சேவை நீடிப்பு. கடுகண்ணாவை ஏற்றத்தில் சூடேறிச் சூடேறி, அலுமினிய ஹெட்டும் அதில் சைலன்சர் பக்கம் பூட்டிய இரும்பு போல்ட்டும் அரித்து ஒட்டிப்போயின. கட்டுகஸ்தோட்டைக் கராஜில் ஸ்பேனரை அழுத்தினால் 'டக்'! தலை கையில், உடம்பு எஞ்சினுக்குள். தலை போயும் ஆசனத்தை விடாத குணம் இந்த நாட்டுக்குப் புதிதா என்ன?

அடுத்தது வைத்தியம். எண்ணெய் ஊறவிட்டு, நடுவில் துளை போட்டு, இடப்புரி எக்ஸ்ட்ராக்டரை இறக்குவார்கள். அவசரக்காரர் கையில் அதுவும் உள்ளேயே முறியும். அது கடின உருக்கு. சாதாரண ட்ரில் அதைத் தொட்டால் ட்ரில்தான் மழுங்கும்.

விஷயம் தெரிந்த பாஸ் மிச்சத் தண்டின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடிப்பார். சூடு தணிந்ததும் முன்னும் பின்னும் மெல்ல அசைப்பார். துருப்பொடி உதிர, போல்ட் புறப்படும்.

"எவ்வளவு பாஸ்?"

"புது போல்ட்டுக்குச் சில்லறைதான் மாத்தயா. மிச்சக் காசு, பழையவர் பதவி விலகினதுக்கு."