வராதவர் நாற்காலி: சாட்ஸ்வொர்த் மாளிகையில் உட்காருதல் பற்றிய ஓர் ஆய்வு

இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில், டெர்வென்ட் ஆற்றங்கரையில் நிற்கும் சாட்ஸ்வொர்த் மாளிகையைப் பற்றி எழுதியவர்கள் அதன் ஓவியம், சிற்பம், தோட்டம், வம்சாவளி எல்லாவற்றையும் அலசித் தீர்த்துவிட்டார்கள். அங்கே எங்கே உட்காருவது என்பதை மட்டும் ஆராய மறந்துவிட்டார்கள். ஒருநாள் முழுக்க மாளிகை பார்க்கப் போகிறவரின் முழங்கால் எழுப்பும் முதல் கேள்வி இதுதான். அறிஞர்கள் உட்கார்ந்தபடியே எழுதுவதால் இந்த இடைவெளி அவர்கள் கண்ணில் படவில்லை போலும்.

பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1549இல் சர் வில்லியம் கேவண்டிஷும் அவர் மனைவி பெஸ்ஸும் இந்த நிலத்தை 600 பவுண்டுக்கு வாங்கினார்கள். 1552இல் வீடு எழும்பத் தொடங்கியது. நாலு தலைமுறை கழித்து வந்த வாரிசு 1687இல் தென்புறத்தை மட்டும் இடித்துக் கட்டலாம் என்று ஆரம்பித்தார். வீடு கட்டத் தொடங்கியவர் கை எங்கேதான் நின்றிருக்கிறது? 1707க்குள் நாலு பக்கமும் புதிதாகிவிட்டது. நடுவில் 1694இல் அவர் டெவன்ஷயரின் முதல் டியூக்காகவும் ஆகிவிட்டார்.

மூன்றாம் வில்லியமும் மேரி அரசியும் வந்து தங்குவார்கள் என்று எதிர்பார்த்து, இந்த டியூக் மேல்தளத்தில் ஒரு வரிசை அறைகளைக் கட்டினார். பெரிய கூடம், வரவேற்பறை, படுக்கையறை என்று ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் வரிசை. உள்ளே போகப் போக ராஜாவுக்கு நெருக்கமாகிறோம் என்று பொருள். விதானத்தில் தேவர்களை வரைந்தாயிற்று. சுவர் மரத்தில் பூவும் பறவையும் செதுக்கியாயிற்று. ராஜா வரவில்லை. ராணியும் வரவில்லை.

ஆய்வின் அடிப்படை விதி இங்கேதான் கிடைக்கிறது: ஓர் ஆசனத்தின் மதிப்பும் அதில் உட்கார்ந்தவர் எண்ணிக்கையும் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். யாருமே உட்காராத ஆசனம் உச்ச மதிப்பு பெறும். பட்டு உறையும் தங்க முலாமும் போட்ட நாற்காலிகள் சுவரோரமாக அணிவகுத்து நிற்கின்றன. ஜன்னல் திரை பாதி இறக்கியிருக்கிறது, வெளிச்சம் பட்டால் பட்டு நைந்துபோகும். நமக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு கயிறு.

“இவ்வளவு நாற்காலி போட்டு வெச்சிருக்காங்க, உக்காருங்கன்னு ஒருத்தர் சொல்லலையே!” என்றார் எங்களோடு வந்த பெரியம்மா. கள ஆய்வில் கிடைத்த முதன்மைச் சான்றாக இதைப் பதிவு செய்கிறேன். வந்தவரை முதலில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சு என்று வளர்ந்த ஒருவருக்கு, முப்பது அறையில் ஒன்றில்கூட அந்தச் சொல் காதில் விழாதது ஏதோ குடும்பச் சண்டை மாதிரி பட்டிருக்கிறது.

கயிறு பரவாயில்லை. இங்கிலாந்தின் வேறு பல பழைய மாளிகைகளில் நாற்காலியின் இருக்கை மேல் காய்ந்த பைன் காயையோ, முள் அடர்ந்த ஒரு செடியின் உலர்ந்த தலையையோ வைத்திருப்பார்கள். அறிவிப்புப் பலகை கிடையாது, காவலர் அதட்டல் கிடையாது. உட்கார நினைப்பவருக்கு முள்ளே செய்தி சொல்லிவிடும். கண்ணால் படித்தால் மரியாதை, தவறினால் வேறு இடத்தால் படிக்க நேரும். இவ்வளவு நாசூக்கான மறுப்பை வேறு எந்த நாகரிகமும் கண்டுபிடித்ததாக நான் நம்பவில்லை.

இசையறைக் கதவொன்றில் ஒரு வயலின் தொங்குகிறது. கிட்டே போனால்தான் அது யான் வான் டர் வார்ட் வரைந்த படம் என்று புலப்படும். வரவேண்டிய ராஜா இல்லை, வாசிக்க வேண்டிய வித்வான் இல்லை, வயலினும் இல்லை. இதற்கு மேல் நாற்காலி மட்டும் நிஜமாக இருந்து என்ன பயன் என்று ஓர் ஆய்வாளர் கேட்கலாம். நிஜமாக உட்காரக்கூடிய ஒரே நாற்காலி அறையின் மூலையில், வழிகாட்டி உட்காரும் சாதாரண மர நாற்காலி. கூட்டத்தில் பாதிப் பேரின் பார்வை ஓவியத்தை விட்டு அதன்மீதே நிலைத்திருப்பதை நான் கவனித்தேன்.

விதிக்கு எதிர்ச் சான்றுகள் இல்லாமல் இல்லை. ஸ்காட்லாந்து அரசி மேரி 1569க்கும் 1584க்கும் இடையில் பலமுறை இங்கே இருந்தார். ஆனால் அவர் கைதி. பெஸ்ஸின் நாலாவது கணவர் ஷ்ரூஸ்பரி பிரபுவின் காவலில், எழுந்து போக முடியாமல் உட்கார்ந்து பூவேலை செய்துகொண்டிருந்தார். வரவேண்டும் என்று வேண்டப்பட்டவர் வரவில்லை, வர விரும்பாதவர் வருஷக் கணக்கில் உட்கார வைக்கப்பட்டார். அவர் இருந்த அந்தப் பழைய வீட்டையும் இடித்தாயிற்று.

விக்டோரியா 1832இல் பதின்மூன்று வயது இளவரசியாக வந்தார், 1843இல் அரசியாகவும் வந்தார். இரண்டாம் முறை, இந்த வீட்டின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசஃப் பாக்ஸ்டன் கட்டிய பிரம்மாண்டமான கண்ணாடித் தாவர மாளிகைக்குள், ஆயிரக்கணக்கான விளக்குகளுக்கு நடுவே, குதிரை வண்டியில் உட்கார்ந்தபடியே சுற்றி வந்தார். வீட்டாரை நம்பாமல் தன் இருக்கையைக் கையோடு கொண்டுவந்த விருந்தாளி என்ற வகையில் அவரது முன்யோசனையைப் பாராட்ட வேண்டும்.

ராஜாவின் பெயரால் தவறாமல் வந்தவர் ஒருவர் உண்டு. 1950இல் பத்தாம் டியூக் இறந்ததும் சொத்தின்மேல் 80 விழுக்காடு மரண வரி விழுந்தது. நிலங்களும், விலை மதிக்க முடியாத ஓவியங்களும், பெஸ் கட்டிய ஹார்ட்விக் மாளிகையும் அதற்காகக் கைமாறின. வரி வசூலிக்க வந்தவரை இவர்கள் எந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

தோட்டத்துக்கு வருவோம். 105 ஏக்கர். இங்கே கயிறு இல்லை, பெஞ்சுகள் உண்டு. ஆனால் இங்கிலாந்தின் வெளிப்புற பெஞ்சு ஆண்டின் பெரும்பகுதி ஈரமாகவே இருக்கும். கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்காரலாம் என்பவர்கள் ஈரம் மேலே இல்லை, மரத்துக்குள் இருக்கிறது என்பதைச் சற்று நேரத்தில் தெரிந்துகொள்வார்கள். போதாததற்கு, கிட்டே போனவர்கள்மேல் தண்ணீர் பீச்சும் உலோக மரம் ஒன்று இருக்கிறது. அதன் முதல் வடிவம் 1690களில் வந்தது. விருந்தாளியை நனைப்பது இந்த வீட்டில் விபத்தல்ல, முந்நூறு வருஷக் கொள்கை.

குளத்தின் நடுவே இருக்கும் எம்பரர் (சக்கரவர்த்தி) நீரூற்று நம் விதியை முத்திரையிட்டு உறுதி செய்கிறது. ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கலஸ் 1844இல் இங்கிலாந்து வருகிறார் என்று தெரிந்ததும், ஆறாம் டியூக் தன் வீட்டுக்கும் வருவார் என்று நம்பினார். பாக்ஸ்டன் குன்றின் மேலே எட்டு ஏக்கரில் ஓர் ஏரி வெட்டி, குழாய் போட்டு, இரவில் தீப்பந்த வெளிச்சத்திலும் ஆட்களை வேலை வாங்கி, ஆறே மாதத்தில் முடித்தார். எந்திரம் கிடையாது. மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீரின் அழுத்தமே அதைச் சுமார் 90 மீட்டர் வரை எழுப்பக்கூடியது. தண்ணீர் எழுந்தது. சக்கரவர்த்தி வரவில்லை. பெயரை மட்டும் நீரூற்றுக்கு வைத்துக்கொண்டார்கள்.

இந்த பாக்ஸ்டன் எப்போது உட்கார்ந்தார்? 1826 மே மாதம், 22 வயதில், தலைமைத் தோட்டக்காரராக வேலையில் சேர வந்தவர் காலை நாலரை மணிக்கே வந்துவிட்டார். ஆளரவம் இல்லை. கதவேறிக் குதித்துத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார், மதிலேறி இறங்கினார், ஆறு மணிக்கு ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தார், நீரூற்றுகளை ஓடவிட்டுப் பார்த்தார். அதன் பிறகே வீட்டு நிர்வாகி அம்மாளோடு காலை உணவுக்கு அமர்ந்தார். அங்கே அந்த அம்மாளின் உறவுப்பெண் சாரா பவுன் இருந்தார். ஒன்பது மணிக்குள் காதலும் கைகூடிவிட்டதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். மறுவருஷம் கல்யாணம். சாட்ஸ்வொர்த் வரலாற்றில் உட்கார்ந்ததால் உருப்படியாக ஏதாவது நடந்தது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அதே பாக்ஸ்டன் 1849இல் அமேசான் ராட்சத அல்லியைப் பூக்க வைத்து, அதன் இலைமேல் தன் சின்னப் பெண்ணை நிற்க வைத்துக் காட்டினார். இந்த எஸ்டேட்டில் இலைமேல் ஏறலாம், நாற்காலிமேல்தான் கூடாது. மொரீஷியஸ் வழியாக வந்த குட்டை வாழை ஒன்றையும் இங்கே வளர்த்து 1835இல் குலை தள்ள வைத்தார். முதலாளி குடும்பத்தின் பெயரால் அது கேவண்டிஷ் ஆனது. நம்மூர் பெட்டிக்கடையில் மோரிஸ் என்று தொங்குவதும் அந்த இனம்தான். அதையும் நாம் நின்றுகொண்டுதான் உரித்துத் தின்கிறோம்.

கடைசியில் எல்லோரும் போய்ச் சேருமிடம் லாயம். ஜேம்ஸ் பெய்ன் வடிவமைத்த அந்தக் கட்டடத்தில் 80 குதிரைகள் நின்றன. இப்போது அங்கே உணவகம். ராஜாவுக்குக் கட்டிய அறையில் நின்ற கால்கள், குதிரை நின்ற இடத்தில் மடங்குகின்றன. பெரியம்மா ஒரு நாற்காலியைப் பிடித்தார், தேநீரும் ஸ்கோனும் வரவழைத்தார். மீதித் தோட்டத்தைப் பார்க்கலாம் வாங்க என்று கூப்பிட்டதற்கு, “நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க” என்றுவிட்டார். அவருடைய பங்களிப்பு அத்துடன் நிறைவுற்றதால், தோட்டத்திலுள்ள புதர்வேலிப் புதிர்ப்பாதை பற்றிய தரவுகள் இக்கட்டுரையில் இடம்பெறவில்லை.

ஆய்வு ஹார்ட்விக் மாளிகையிலும் தொடர உள்ளது. நிதி நல்க விரும்பும் அமைப்புகள் பணமாகத் தர வேண்டியதில்லை. மடக்கு நாற்காலி ஒன்று போதும், இரண்டானால் பெரியம்மாவும் வருவார்.