எந்தப் பத்திரிகையை நம்புவது?

கேள்வி: ஒரே ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கூட்டம். ஒரு பத்திரிகையில் மண்டபம் நிரம்பி வழிகிறது. இன்னொன்றில் நாற்காலிகள் காலி. எங்கள் ஒட்டுக்கடையில் இதை வைத்துக் கைகலப்பே வந்துவிடும் போலிருக்கிறது. யாரை நம்புவது, ஐயா?
- வாசகர், ஜாசின்

பதில்: இரண்டு படமும் பொய்யில்லாமல் இருக்கலாம். மேடையில் நின்று முன்வரிசையை எடுத்தால் கூட்டம். வாசலில் நின்று பின்வரிசையை எடுத்தால் காலி. எத்தனை மணிக்கு எடுத்த படம் என்று கேளுங்கள், பாதிச் சண்டை அடங்கிவிடும்.

பத்திரிகைகள் அணி சேர்வது புதிய நோயல்ல. அன்றைய ம.இ.கா. தலைவர் சாமிவேலுவுக்கும் துணைத்தலைவர் சுப்ரமணியத்துக்கும் நடந்த மோதலில் 1924-இல் பிறந்த 'தமிழ் நேசன்' ஒரு பக்கம், 'மக்கள் ஓசை' மறுபக்கம் நின்றன. அப்போது கையிலிருந்த பத்திரிகையை வைத்தே ஆள் எந்த அணி என்று தோட்டத்தில் சொல்லிவிடுவார்கள்.

அணி சேர்ந்து எழுதுவதை நான் குறை சொல்லமாட்டேன். கருத்துக்கு அணி உண்டு, கணக்குக்குக் கிடையாது. உங்கள் மலாக்கா மாநிலத்துக் காடேக் சட்டமன்றத் தொகுதியில் 2018-இல் ஜ.செ.க. (ஜனநாயக செயல் கட்சி) வென்றது, 2021-இல் ம.இ.கா. வென்றது. இரண்டு முடிவையும் ஒரே அளவு எழுத்தில் போட்ட பத்திரிகை எதுவோ, அதற்குத் தாராளமாகக் காசு கொடுங்கள்.

எனக்குக் கோபமெல்லாம் வாசகர்மேல்தான். தலைவரின் பிழையைக் காட்டினால், "நம்ம தலைவரைத் தொடாதே" என்று பாய்கிறார்கள். தலைவருக்குப் பிடிக்காத செய்தி தவறான செய்தி ஆகிவிடாது. 'கட்டுரை அருமை', 'கட்டுரை குப்பை' என்று கடிதம் போடாதீர்கள். 'மூன்றாம் பத்தியில் தேதி தவறு' என்று எழுதுங்கள். அதற்குத்தான் ஆசிரியர் பதில் சொல்லியாக வேண்டும்.