மூலைவிட்ட மாயை: புதுவையில் மலிவு மானிட்டர் வாங்குவது குறித்த ஓர் ஆராய்ச்சி

புதுச்சேரி நகரத்துக்குள் மூலைவிட்டமாக எங்கும் போக முடியாது. 1693 முதல் 1699 வரை ஊரைக் கைப்பற்றி வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட கட்டத் திட்டம் அப்படி. ரயில் நிலையத்தில் இறங்கியவர் பாரதி பூங்காவுக்குப் போக வடக்கே கொஞ்சம், கிழக்கே கொஞ்சம் என்றுதான் நடந்தாக வேண்டும். இப்படி இரண்டு பக்கங்களையும் காலாலேயே அளந்து பழகிய மக்கள், மானிட்டர் கடைக்குள் நுழைந்ததும் “எத்தனை இன்ச்?” என்று மூலைவிட்டத்தை மட்டும் விசாரிப்பது ஆய்வுக்குரிய விந்தை. மீட்டரைப் பெற்றெடுத்த பிரான்ஸ் 1954 வரை ஆண்ட ஊரில் இன்ச் கேட்பது அதைவிடப் பெரிய விந்தை. புதுவையாரை மட்டும் குறை சொல்வதற்கும் இல்லை. 2019 ஜனவரியில் மானிட்டருக்கான ஜிஎஸ்டியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தபோது, அரசாங்கமும் 32 அங்குலம் என்று மூலைவிட்டத்தில்தான் எல்லைக்கோடு போட்டது.

மலிவாக வாங்குபவர் பார்க்க வேண்டியது திரையின் உயரத்தை என்பதே நம் துணிபு. கடிதம், கணக்கு, மனு எல்லாம் மேலிருந்து கீழாகத்தான் ஓடுகின்றன. 5:4 விகிதமுள்ள பழைய 17 அங்குலச் சதுர மானிட்டரின் உயரம், பைதாகரஸ் கணக்குப்படி 10.6 அங்குலம். 16:9 விகிதத்தில் 21.5 அங்குலம் என்று விற்கும் புதியதன் உயரமோ 10.5. நாலரை அங்குலம் கூடுதலாக வாங்கியவருக்கு உயரத்தில் ஒரு நூலுக்கும் குறைவான நட்டம்! புதியதில் புள்ளிகள் அதிகமே என்பார்கள். அகலத்தில் உண்மை, உயரவாக்கில் 1024 வரிசைக்கு 1080, அவ்வளவுதான். பழையதில் எச்டிஎம்ஐ இருக்காது என்பதும் பெரிய தடையல்ல, ஒரு கன்வெர்ட்டர் போதும். சினிமா பார்ப்பவரின் ஆட்சேபம் வலுவானது. சதுரத் திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும், அவர் அகலத் திரையே வாங்கட்டும். அதிலும் ஐபிஎஸ் பேனலாக இருந்தால், பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கும் குடும்பத்தாருக்கும் நிறம் மாறாது. நம்மால் மறுக்க முடியாத ஆட்சேபம் ஒன்றுதான்: பழைய மானிட்டருக்கு உள்ளே எரிவது குழல் விளக்கு. வயதானால் மங்கி மஞ்சளடிக்கும், உப்புக் காற்றில் இருந்திருந்தால் இணைப்புகளும் துருப்பிடித்திருக்கும்.

ஆகவே எழுத்து வேலைக்காரர் செகண்ட் ஹேண்ட் சதுர மானிட்டரை வெள்ளைத் திரையோடு கால் மணி நேரம் எரியவிட்டுப் பார்த்து வாங்கலாம். எதை வாங்கினாலும் பையில் ஒரு ஸ்கேல் எடுத்துப் போங்கள். உயரத்தை அளந்த பிறகு விலை பேசுங்கள்.