அஞ்சு ரூபாய்க்கு 1856

பழைய ரயில் பார்க்க வேண்டுமென்றால் ஊட்டிக்குப் போக வேண்டாமா? சென்னையில் என்ன இருக்கிறது? (வேளச்சேரி வாசகர்)

மலை ரயில் உதகைக்குப் போய்ச் சேர்ந்ததே 1908-ல்தான். அதற்கு 52 வருடம் முன்பே ராயபுரத்தில் ரயில் கிளம்பிவிட்டது. குளிருக்கு ஊட்டி போங்கள். வயசுக்கு ராயபுரம் போதும்.

இந்தியாவின் முதல் ரயில் நிலையம் ராயபுரம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, நிஜமா? (ஆவடி வாசகி)

வாட்ஸ்அப்புக்கு எதிலும் அவசரம். முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16-ல் பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணேவுக்குப் போனது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓடத் தொடங்கியது 1856 ஜூலை 1-ல். தெற்கே அதுதான் முதல். ஆனால் பழைய போரிபந்தர் நிலையம் போய் அங்கே விக்டோரியா டெர்மினஸ் எழுந்துவிட்டது. தாணேயிலும் அந்தக் காலத்துக் கட்டடம் மிஞ்சவில்லை. ராயபுரம் மட்டும் நிற்கிறது. 'முதல்' என்பதை அடித்துவிட்டு 'நிற்பதில் மூத்தது' என்று எழுதி, வந்த குரூப்புக்கே திருப்பி அனுப்புங்கள்.

சென்னையில் முதன்முதலாக ரயிலில் போனவர் யார்? (சிந்தாதிரிப்பேட்டை வாசகர்)

கல். கிண்டல் இல்லை. 1837-லேயே செங்குன்றம் பக்கத்திலிருந்து உங்கள் பேட்டை வரைக்கும் தண்டவாளம் போட்டு, ரோடு போடக் கல் கொண்டுவந்தார்கள். மனுஷனுக்கு இடம் கிடைக்க இன்னும் 19 வருடம் ஆனது.

சரி, ராயபுரத்துக்கு நடந்தே போனால் எப்படிப் போவது, என்ன பார்ப்பது? (திருவான்மியூர் வாசகி)

பீச் ஸ்டேஷனில் இறங்கி ராஜாஜி சாலையில் வடக்கே நடங்கள். வலது கைப்பக்கம் ரயிலும் அதற்கப்பால் துறைமுகமும். இடது கைப்பக்கம் மண்ணடித் தெருக்கள். இந்த இரண்டையும் பார்த்தாலே ரயிலை ஏன் இங்கே கொண்டுவந்தார்கள் என்பது விளங்கிவிடும். கப்பல் ஒரு பக்கம், வியாபாரி மறுபக்கம், கோட்டை கூப்பிடு தூரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள். மற்ற நாட்களில் கன்டெய்னர் லாரிகள் உங்களை நடக்க விடாது, ஓடத்தான் விடும்.

நிலையத்துக்கு வந்ததும் உள்ளே பாய்ந்துவிடாதீர்கள். எதிரே நின்று தூண்களை அடியிலிருந்து உச்சி வரை பாருங்கள். உச்சியில் இலை இலையாக விரியும் வேலைப்பாடு கிரேக்க, ரோமானியக் கோயில்களின் பாணி. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி ரயில் நிலையம் கட்டச் சொன்னது. வில்லியம் டிரேசி அரண்மனைக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தார். முதல் வண்டியின் பெட்டிகளைச் செய்தது வேறு யாருமல்ல, நம் சிம்சன் கம்பெனிதான். திறப்பு விழாவைப் படம் வரைந்து லண்டனில் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' வெளியிட்டது. இன்று அதே தூண்களைத் தாண்டி ஓடுகிறவர்கள் யாரும் தலை தூக்கிப் பார்ப்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வண்டி பிடிக்க வேண்டாமா? 2005-ல் புதுப்பித்தார்கள். அதற்கு முன் இருந்த கோலத்தைப் பார்த்தவர்களுக்கு அதுவே பெரிய புண்ணியம்.

இவ்வளவு பெருமை இருந்தும் ராயபுரம் ஏன் சென்ட்ரல் ஆகவில்லை? (வில்லிவாக்கம் வாசகர்)

1873-ல் சென்ட்ரல் வந்தது, கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. அண்ணன் திண்ணையில் உட்கார்ந்திருக்க, தம்பிக்கு மேளதாளம். ராயபுரத்துக்கு மிஞ்சியது துறைமுகச் சரக்கு. 1922-ல் சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே ரயில்வே தலைமையகமும் வந்து உட்கார்ந்தபின் கேட்கவே வேண்டாம்.

ரயிலைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லையா? (என் மனைவியின் கேள்வி, அடையாறு வாசகர்)

உங்கள் மனைவிக்கு நல்ல ரசனை. படகுக்காரர்கள் கட்டிய புனித இராயப்பர் ஆலயம் இருக்கிறது. 1910-ல் எழுந்த பார்சி அக்னிக் கோயில் இருக்கிறது. அதை வெளியிலிருந்துதான் பார்க்கலாம், பார்சிகள் அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. பசித்தால் காசிமேடு பக்கம்தான்.

செல்ஃபி எடுக்க எந்த இடம் நல்லது? (கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை)

தண்டவாளம் தவிர எல்லா இடமும்.

மெட்ரோ வந்துவிட்டது, வடசென்னையே மாறுகிறது. பழசைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா? (திருவொற்றியூர் வாசகர்)

அழ வேண்டாம். 2019-ல் வண்ணாரப்பேட்டைக்கும் 2021-ல் விம்கோ நகருக்கும் மெட்ரோ வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். உங்கள் ஊர்க்காரர்கள் எத்தனை வருடம் பஸ்ஸில் தொங்கினார்கள்! ராயபுரத்தை முனையமாக்குங்கள் என்று பல வருடமாகக் கேட்கிறார்களே, அதையும் ஆதரிக்கிறேன். 1856-ல் கட்டியதே முனையமாகத்தான். ஒரே நிபந்தனை: புது நடைமேடைக்குப் பழைய கட்டடத்தில் கை வைக்கக் கூடாது. 'பயன்பாட்டில் இல்லை' என்று ஒரு கட்டடத்தைப் பூட்டுகிறவர்கள்தான் பத்து வருடம் கழித்து 'இடியும் நிலையில் இருக்கிறது' என்று அறிக்கை கொடுப்பார்கள். பூட்டாமல் இருந்தாலே பாதிப் பாதுகாப்பு.

பெரம்பூர் பணிமனை, ஐ.சி.எஃப். பற்றி ஒரு வார்த்தை இல்லையே? (அயனாவரம் வாசகர்)

கோபிக்காதீர்கள். பணிமனைக்கும் வயசு ராயபுரத்தை ஒட்டித்தான், ஐ.சி.எஃப். 1955. அது தனி ஞாயிறு, தனி செருப்பு.

மொத்தம் எவ்வளவு செலவாகும்? (சிக்கனக்காரர், மாம்பலம்)

பீச்சிலிருந்து ராயபுரம் அடுத்த ஸ்டேஷன், டிக்கெட் அஞ்சு ரூபாய். போகும்போது நடந்துவிட்டு, திரும்பும்போது வண்டி ஏறுங்கள். கட்டடம் பார்க்கத்தானே வந்தோம் என்று டிக்கெட் எடுக்காமல் நடைமேடையில் நின்றால், அபராதம் மட்டும் 1856 விலையில் இருக்காது.