உசாத்துணைப் பட்டியல் என்னும் உத்தமன்

ஆள் பார்த்து நடத்தாத குணம் உலகில் அரிது. ஆய்விதழ்களின் உசாத்துணை விதிகளுக்கு அந்தக் குணம் உண்டு. கேம்பிரிட்ஜில் ஆய்வுக்கூடம் நடத்தும் நோபல் அறிஞரையும், உத்தமபாளையத்தில் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய், நாள் முழுக்க வகுப்பெடுத்துவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு கட்டுரை எழுத உட்காரும் விரிவுரையாளரையும் அவை ஒரே தட்டில் வைக்கின்றன. இதழின் பெயர் சாய்வெழுத்தில், ஆண்டு அடைப்புக்குறிக்குள், பக்க எண்ணுக்கு முன்னால் காற்புள்ளி. இருவருக்கும் சட்டம் ஒன்றுதான். அங்கே அதைச் செய்துகொடுக்க உதவியாளர் இருப்பார், இங்கே இருக்க மாட்டார் என்பதையெல்லாம் அவை கணக்கில் எடுப்பதில்லை.

பிறப்பும் நல்ல பிறப்பு. 1881-இல் ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்டு லாரன்ஸ் மார்க், ஓடில்லாத நத்தை ஒன்றைப் பற்றிய கட்டுரையில் ஆசிரியர் பெயரோடு ஆண்டையும் சேர்த்து அடைப்புக்குறிக்குள் போட்டார். ஹார்வர்டு முறையின் தொடக்கம் அது என்கிறார்கள். 1978-இல் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் வான்கூவரில் கூடினார்கள். ஓர் இதழ் திருப்பி அனுப்பிய கட்டுரையை இன்னொன்றுக்காக மறுபடி தட்டச்சு செய்யும் பாடு ஒழியட்டும் என்று பொதுமுறை ஒன்றை வகுத்தார்கள். அமெரிக்க உளவியலாளர்களின் ஏபிஏ விதிகள் 1929-இல் ஏழே பக்கம். 2019-இல் வந்த ஏழாம் பதிப்பு 400 பக்கத்தைத் தாண்டுகிறது. எல்லாமே ஆய்வாளரின் சிரமத்தைக் குறைக்கப் பிறந்தவை. அந்த நோக்கத்தில் அவை காட்டிய ஊக்கத்தால், ஜோட்டெரோ போன்ற மென்பொருள்கள் பயன்படுத்தும் பொதுக் களஞ்சியத்தில் இன்று 10,000-க்கும் மேற்பட்ட நடைகள் சேர்ந்திருக்கின்றன. இத்தனை செழிப்பை வான்கூவரில் கூடிய இதழாசிரியர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

தந்தையைப் போற்றுவதில் இவற்றை யாரும் மிஞ்ச முடியாது. சிதம்பரத்தில் பிறந்து, ரைபோசோம் ஆய்வுக்காக 2009-இல் வேதியியல் நோபல் பெற்றவரின் பெயர் வெங்கட்ராமன். ராமகிருஷ்ணன் அவருடைய அப்பா பெயர். உலகத்துப் பட்டியல்களில் முன்னால் நிற்பவர் ராமகிருஷ்ணன். சாதித்த மகன் ‘வி’ என்ற ஒற்றை எழுத்தாகப் பின்னால் நிற்கிறார். தேனிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இனிஷியலோடு பள்ளி, கல்லூரி முழுக்கப் படித்து முடித்திருப்பாள். இதழின் படிவம் குடும்பப்பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. அப்பா பெயரைப் போடுவாள். கல்யாணத்துக்குப் பின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் ஏறினால் அடுத்த கட்டுரை அதன்படி போகும். ஐந்து வருடம் அவள் ஒருத்தி செய்த ஆய்வில் குடும்பத்து ஆண்கள் இருவருக்கும் பங்கு கிடைத்துவிடும்.

அளவோடு புகழ்வதும் அவற்றுக்குத் தெரியும். போடி மேற்கு மலையில், பொட்டிப்புரத்துக்கு அருகே அமைப்பதாக இருந்த நியூட்ரினோ ஆய்வகம் இன்னும் கட்டப்படவில்லை. அங்கே வைக்கவிருந்த காந்தமேற்றிய இரும்புக் கருவி எதையெல்லாம் கண்டறியும் என்று விளக்கும் நீண்ட அறிக்கை ‘பிரமாணா’ இதழில் 2017-இல் வந்தது. எழுதியவர்கள் பெருங்கூட்டம். ஏபிஏ ஆறாம் பதிப்பின்படி முதல் ஆறு பேர், மூன்று புள்ளிகள், கடைசியாக ஒருவர். ஏழாம் பதிப்பில் ஆறு பத்தொன்பது ஆனது. பதின்மூன்று பேருக்குப் புதிதாகப் பெயர் கிடைத்தது. மற்றவர்கள் அந்த மூன்று புள்ளிகளுக்குள் ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

விவசாயியிடம் இந்தப் பட்டியல் காட்டும் மரியாதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எந்த மாதம் கவாத்து செய்தால் எப்போது குலை தள்ளும், எந்தப் பக்கத்துக் காற்றுக்கு எந்த நோய் வரும் என்பது பந்தலுக்கு அடியில் ஆயுளைக் கழித்தவருக்குத் தெரியும். அவரிடம் கேட்டறிந்ததை ஏபிஏ ‘தனிப்பட்ட தொடர்பு’ என்று வகைப்படுத்துகிறது. கட்டுரைக்குள் சொல்லிக்கொள்ளலாம், பட்டியலில் சேர்க்கக் கூடாது. வாசகர் போய்ச் சரிபார்க்க முடியாதாம். சின்னமனூரில் இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தால் அவரையே பார்த்துவிடலாம். இருந்தாலும், அச்சேறாத ஒரு மனிதரை அச்சேறியவர்களின் கூட்டத்தில் நிறுத்திச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விதி பார்த்துக்கொள்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய குணம் தாராளம். எல்சேவியர் நிறுவனம் ஆசிரியர்களுக்குத் தந்த வழிகாட்டியில் மாதிரிக்காக ஓர் உசாத்துணை இருந்தது: வான் டெர் கீரும் இன்னும் இருவரும் எழுதியதாக, அறிவியல் கட்டுரை எழுதும் கலை பற்றி, 2000-ஆம் ஆண்டுக் கட்டுரை. அப்படி ஒரு கட்டுரை இல்லை. அப்படி ஒரு இதழும் இல்லை. ஆனாலும் ஏறத்தாழ 400 முறை அது மேற்கோள் காட்டப்பட்டிருந்ததை ஆய்வாளர் ஆன்-வில் ஹார்சிங் 2017-இல் எடுத்துச் சொன்னார். அந்த மாதிரியை அழிக்க மறந்தவர்கள்தான் பெரும்பாலோர். காற்புள்ளி சரி, ஆண்டு சரி, தொகுதி எண் சரி; வேறென்ன வேண்டும்? 2023-இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, சாட்ஜிபிடியின் பழைய வடிவம் தந்த மேற்கோள்களில் 55 சதவீதமும் அன்றைய புதிய வடிவம் தந்தவற்றில் 18 சதவீதமும் கற்பனை என்றது. கேட்ட நடையில் அவற்றை ஒழுங்காக அடுக்கித் தரவும் சாட்ஜிபிடிக்குத் தெரியும். சின்னமனூர்த் தோட்டக்காரருக்கு இல்லாத இடம், பிறக்கவே பிறக்காத ஒரு கட்டுரைக்கு இருக்கிறது.

போடியில் ஏலக்காயைச் சலித்து 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதைத் தனியாகப் பிரிப்பார்கள். அந்தச் சல்லடை பருமனைத்தான் பார்க்கிறது, ஆனால் உள்ளே காய் இருந்தால்தான் சலிக்க வேலை உண்டு. இந்தப் பட்டியலுக்கு அந்தக் கட்டாயமும் கிடையாது.

நேரத்தின் அருமையை அது நன்றாகக் கற்றுத் தருகிறது. 41 நாடுகளின் 372 ஆய்வாளர்களிடம் கேட்டு 2019-இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கட்டுரையின் வடிவத்தை ஒழுங்குபடுத்த நடுமதிப்பாக 14 மணி நேரம் போகிறது. பணமாக 477 அமெரிக்க டாலர். படம், அட்டவணை, உடற்பகுதி, உசாத்துணை எல்லாம் சேர்த்த கணக்கு அது. இதழ் கட்டுரையைத் திருப்பினால் அடுத்த இதழுக்காக எண்முறையை ஆசிரியர்-ஆண்டு முறையாக்கி, பட்டியலை அகரவரிசையில் மாற்றி, சுருக்கிய இதழ்ப் பெயர்களை மறுபடி விரிக்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பிகேஎம் 1 செடிமுருங்கை இன்று பல நாடுகளில் வளர்கிறது. அது வயலில் நின்று கண்டது. இன்றைய மாணவிக்கு அந்த வெயிலின் சிரமம் குறைவு. முருங்கையைப் பார்க்கும் நேரத்தில் முற்றுப்புள்ளியைப் பார்க்கிறாள்.

இத்தனையும் முடித்து அனுப்பிய பட்டியலைச் சென்னையிலும் புதுச்சேரியிலும் உள்ள இதழ்த் தயாரிப்பு நிறுவனங்களில் நம் பிள்ளைகள் மறுபடி பிரித்து, குறியீடு இட்டு, இதழின் நடையில் கோக்கிறார்கள். ஒரே வேலையால் இரண்டு இடத்தில் தமிழர்கள் விழித்திருக்கிறார்கள். கட்டுரைக்கு அடையாளமாக இடப்படும் டிஓஐ எண் ஒன்றைக் கொடுத்தாலே மூலக் கட்டுரையை எடுத்துவிடலாம் என்பது இதழ்களுக்குத் தெரியாததல்ல. எல்சேவியரே 2011 முதல் சில இதழ்களில் முதல் தடவை எந்த நடையில் அனுப்பினாலும் ஏற்கத் தொடங்கியது. வேறு சிலரும் அப்படி மாறினார்கள். மற்ற இதழ்கள் அசையவில்லை. மதிப்பாய்வாளர் ஒருவர் முதல் வரியைப் படிப்பதற்கு முன்பே, மூன்றாம் உசாத்துணையில் ஒரு காற்புள்ளி விடுபட்டதென்று கட்டுரையைத் தேனிக்குத் திருப்பி அனுப்பும் உறுதி அவற்றிடம் இன்னும் குறையாமல் இருக்கிறது.