முற்றத்துச் செவ்வரத்தையில் மத்தியானம்வரை ஒரு பூ வைத்திருப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் செவ்வரத்தை வளர்ப்பதற்கு வழிகாட்டி தேவையில்லை. ஐப்பசி மழை தொடங்கும்போது பென்சில் பருமனில் ஒரு கம்பை முறித்துக் கிணற்றடி வாய்க்கால் ஓரம் குத்திவிட்டால் போதும், தன்பாட்டில் தளிர்க்கும். சிக்கல் பூத்த பிறகுதான். ஆகவே இங்கே சொல்லப்போவது வேறு கலை: தன் வீட்டுச் செவ்வரத்தைப் பூவைச் சொந்தக்காரர் பகல் பன்னிரண்டு மணிக்குத் தன் கண்ணால் காண்பது.

முதலில் கம்பு. காசு கொடுத்துக் கன்று வாங்காதீர்கள், ஊர் சிரிக்கும். அயலில் கேட்டு வாங்குவதுதான் முறை. வீட்டுச் செவ்வரத்தை விதை கட்டுவது அபூர்வம் என்பதால் கம்புக்குக் கம்பாகவே பரவுகிறது. எனவே உங்கள் செடிக்கும் ஒரு மாமி இருப்பார், "என்ர வீட்டுக் கம்பெல்லே!" என்று சொல்ல. அந்த வசனத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது.

அடுத்தது மண். வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீரிலும் அதே சுண்ணாம்பு. அதனால் சில இடங்களில் நரம்பு பச்சையாக இருக்க, இளம் இலை மட்டும் மஞ்சளாகும். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்கு எட்டாத நிலை அது. உடனே படலையடியில் நிபுணர் குழு கூடும். ஒருவர் துருப்பிடித்த ஆணி புதைக்கச் சொல்வார், இன்னொருவர் சைக்கிள் செயினை. மறுக்காமல் புதையுங்கள். செடிக்குப் பயனில்லை, அயலுறவுக்கு நல்லது. பிறகு யாருக்கும் சொல்லாமல் மாட்டெருவும் குழையும் தாராளமாகத் தாழ்த்து, மாரி மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து ஊற்றுங்கள்.

பூச்சி பெரிய விஷயமில்லை. 2008இல் பப்பாசி மாப்பூச்சி இலங்கைக்குள் புகுந்தபோது செவ்வரத்தையையும் விட்டுவைக்கவில்லை. அடுத்த ஆண்டே ஒரு சின்னக் குளவியை இறக்கி அதை அடக்கினார்கள். ஆட்டையும் மதில் கட்டித் தடுக்கலாம்.

விடியப்புறம் பூ ஆய வரும் பெரியவர்களுக்குத்தான் இன்னும் குளவி கண்டுபிடிக்கப்படவில்லை.

அவர்கள் கையில் ஒரு சொப்பிங் பை, மதில் கட்டினவர்களின் வீட்டுக்கென்றால் கூடவே ஒரு கொக்கைத்தடி. ஐந்து மணிக்கு முன்பே வேலை முடிந்துவிடும். நீங்கள் கதவு திறந்துவிட்டால் பதறுவது அவர்களல்ல, நீங்கள்தான். "பிள்ளை, நாலு பூ ஆஞ்சனான். பிள்ளையாருக்குத்தான்" என்பார்கள். இதற்குப் பதில் சொல்லும் சைவர் குடாநாட்டில் இன்னும் பிறக்கவில்லை. "ஆயுங்கோ அம்மா, அந்தப் பக்கமும் நிக்குது" என்று நீங்களே கொப்பை வளைத்துக் கொடுப்பீர்கள்.

நியாயம் பேசலாம் என்றால் தாவரவியலும் அவர்கள் பக்கம். செவ்வரத்தைப் பூவின் ஆயுள் பெரும்பாலும் ஒரே பகல். ஆய்ந்து தண்ணீரில்லாமல் வைத்தாலும் பின்னேரம்வரை விரிந்தே இருக்கும். மரத்தில் விட்டாலும் பின்னேரம் சுருங்கும். ஆக, நட்டம் எவ்வளவு என்று பொலிசில் எழுதிக் கொடுக்கக்கூட வழியில்லை. போதாக்குறைக்கு, புதுத் தளிரில்தான் மொட்டு வரும். ஆட்டுக்குக் குழையென்றும், தலைக்குத் தோய இலையென்றும் அயலார் முறிக்க முறிக்கச் செடி இன்னும் அதிகமாகப் பூக்கிறது. உங்களிடம் களவெடுப்பவர்தான் உங்கள் செடிக்குக் கத்தரிக்கோல் பிடிக்கும் தோட்டக்காரர்.

சிலர் தந்திரம் செய்கிறார்கள். சிவப்பை விட்டு மஞ்சள், வெள்ளை, அடுக்குச் செவ்வரத்தை என்று நடுகிறார்கள். பூசைக்குச் சிவப்பு ஒற்றைக்குத்தான் மவுசு என்பது உண்மை. ஆனால் அடுக்குப் பூவைக் கண்டவுடன் பூவை விட்டுக் கம்பு கேட்பார்கள். முதல்நாள் பின்னேரமே மொட்டை ஆய்ந்து குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் வழியும் உண்டு. அதில் வெற்றி நிச்சயம், என்ன, செடி வளர்த்துப் பூவை மரக்கறியோடு பூட்டி வைத்தவர் என்ற பெயரோடு வாழவேண்டும். ஸ்காபரோவில் இருக்கும் உறவினர்கள் குளிர்காலம் தொடங்க முன்பே சாடியை வீட்டுக்குள் தூக்கி வைத்துவிடுகிறார்கள். அங்கே பூ பின்னேரம்வரை நிற்கிறது. ஆய ஒருவரும் வருவதில்லை என்று தொலைபேசியில் குறைப்படுவதும் அவர்களேதான். மலேசியா இந்தப் பூவை 1960இல் தேசியப் பூவாக்கிச் சில்லறைக் காசிலும் பொறித்தது. மலாயாப் பென்சன்காரர் இருந்த ஊர்களில் இதைச் சொல்லிப் பூவுக்கு மரியாதை தேடலாம். "அப்பிடியே? அப்ப இன்னும் ரெண்டு ஆயிறன்" என்பதுதான் கிடைக்கும் மரியாதை.

நிச்சயமாகப் பலிக்கும் முறை ஒன்றே ஒன்று. மத்தியானப் பூசைக்குச் சற்று முன்னர் அயல் பிள்ளையார் கோயிலுக்குப் போங்கள். காதுக்கு மேல் செருகியிருப்பது யாருடைய பூ என்று உங்களுக்கு விளங்கும், ஐயரிடம் கேட்கவேண்டாம். அர்ச்சனைச் சீட்டுக்குக் காசு கட்டினால், விபூதி சந்தனத்தோடு அதில் ஒன்று உங்கள் கைக்கே வரும்.